நாலாவது பட்டன்

மேசையின் தலைமாட்டில் விஷ்ணுவர்தன் உட்கார்ந்திருந்தார். மாங்கூழ்த் தொழிற்சாலை முதலாளியின் மருமகன். இப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். அவருக்கு வலப்பக்கம் ரங்கையா, மாங்காய்க் கொள்முதல் மேனேஜர். அவரை அடுத்து நீல ஃபைலோடு பத்மினி. ஆள் எடுப்பதும் ஆளை நிறுத்துவதும் அந்த அம்மாளின் பிரிவு. இடப்பக்கம் முரளிதரன், திருப்பதியில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துபவர். அவருக்குப் பக்கத்தில் அந்தக் கம்பெனியின் புரொடக்ட் மேனேஜர் வைஜயந்தி. கேட்டில் வண்டிகளை உள்ளே விடும் டோக்கன் ஆப் அவர்கள் செய்தது. ஆறாவது ஆள் கேட் ஆபரேட்டர் தரணி. அவளுக்கு மேசையில் இடமில்லை. கதவோரமாக, வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கிவந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், காலை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசையைச் சுற்றி இரண்டு குஷன் நாற்காலிகள் காலியாக இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அறை மாடியில் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே கேட். கேட்டுக்கு வெளியே புத்தலப்பட்டு ரோட்டோரமாகக் கண்ணுக்கு எட்டியமட்டும் டிராக்டர்கள். எல்லாவற்றிலும் தோத்தாபுரி மாங்காய், மேலே வேப்பங்கொத்து அல்லது கிழிந்த தார்ப்பாய். டிரைவர்கள் டிரெய்லருக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். ஏசி ஓடிய அறைக்குள்ளும் அந்த வாசனை வந்தது. பழுத்த வாசனைதான், ஆனால் ஓரத்தில் லேசாகப் புளிப்பேறியிருந்தது.

கேட்டுக்கு எதிரே தார்ச்சாலையில் ஒரு பெரிய கறை இன்னும் போகவில்லை. அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு விவசாயி அங்கேதான் தன் லோடைக் கொட்டினார். இரண்டு ராத்திரி வரிசையில் கிடந்தவர். தனக்குப் பின்னால் வந்த வண்டிகள் தன்னைத் தாண்டி உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் டிரெய்லரின் பின்கதவைத் திறந்துவிட்டார். மாங்காய் சரிந்து கொட்டுவதை யாரோ போனில் பிடித்தார்கள். மறுநாள் மற்றவர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பேப்பரில் வந்தது. கேட்டில் யாரோ ஒருத்தர் விளையாடிவிட்டார் என்று கம்பெனி இப்போது சொல்லியாக வேண்டும்.

பத்மினி ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி, பேனாவால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள்.

"இந்த வண்டி. வரிசையை மீறி முன்னே விட்டிருக்கு. காரணம், பழம் இளகிடுச்சுன்னு போட்டிருக்கு. சாம்பிள் அறுத்துப் பார்த்த திலீப், காய் கெட்டின்னு எழுதியிருக்கான். அமுக்கினது யாரு?"

"நான்தான் மேடம்," என்றாள் தரணி.

"இது?"

"அதுவும்."

"பழுக்காததைப் பழுத்ததுன்னு எதுக்கு அமுக்கினே?"

"ஆபீஸ்லேர்ந்து இன்டர்காம் வந்துச்சி. அந்த வண்டிய விடுன்னாங்க."

"யாரு சொன்னது?"

தரணி ரங்கையாவைப் பார்த்தாள். ரங்கையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரங்கையா சாரு."

"நானாம்மா?" ரங்கையாவின் குரலில் கோபமே இல்லை. தெலுங்குக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். "சூடம்மா, இங்க பாரு, சீசன்ல நான் நூறு பேர்கிட்ட பேசறேன். வண்டியைப் பாத்து விடுன்னு சொல்லியிருப்பேன். பழுக்காததைப் பழுத்ததுன்னு அமுக்கச் சொன்னேனா? அந்த மாட்ட, அந்த வார்த்தை, சொன்னேனா? நீயே சொல்லு."

தரணி இல்லையென்று தலையாட்டினாள். "அப்டி சொல்லல சார்."

"அவ்வளவுதான்," என்று ரங்கையா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

விஷ்ணுவர்தன் முரளிதரன் பக்கம் திரும்பினார். வக்கீல் கேட்கிறார், ஒரு லெட்டர் வேண்டும் என்றார். திரையில் தேவையான காரணங்கள் எல்லாம் இருந்தன. தப்பானதைத் தேர்ந்தெடுத்தது ஆபரேட்டரின் சொந்தச் செயல். இந்த இரண்டு வரிதான். மெயில் போதாது, கையெழுத்தும் சீலும் வைத்த ஒரிஜினல் நாளைக் காலையில் வந்துவிட வேண்டும். வந்த பிறகு இந்தப் பெண்ணை நிறுத்திவிட்டு, மாவட்டத்தில் இருக்கிற மற்ற ஃபேக்டரிகளுக்கும் பெயரை அனுப்பிவிடலாம்.

"யார் கையெழுத்து சார்?" என்றார் முரளிதரன்.

"அந்த ஸ்கிரீனை யார் போட்டாங்களோ அவங்க."

எல்லாரும் வைஜயந்தியைப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் வாய் திறந்தபோது, "ஒரு தடவை செக் பண்ணிட்டு அனுப்பறேன் சார்," என்றுதான் வந்தது. மீட்டிங்குகளில் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லும் வாசகம். நாக்குக்குப் பழகிப் போயிருந்தது. கதவோரத்திலிருந்து தரணி முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள். அந்த அறையில் நாலாவது பட்டனைப் பற்றித் தெரியாதவர்கள் யாருமில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச்சில் இந்த வேலை வந்தபோது, விஷ்ணுவர்தன் கேட்டது ஒரு டோக்கன் ஆப். வந்த வரிசைப்படி நம்பர், நம்பர்படி உள்ளே. வைஜயந்தி ஒரு கோடும் வரையாமல், காட்பாடி ரோட்டில் சீசன் முன்னதாகத் தொடங்கியிருந்த வேறொரு ஃபேக்டரியின் கேட்டில், ஒரு வாரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். தரணியும் அங்கேதான் அப்போது வேலையில் இருந்தாள். பிறகு ஏப்ரலுக்குள் புத்தலப்பட்டில் இந்த ஃபேக்டரிக்கு மாறி வந்தாள். வைஜயந்தியின் வேலைமுறை அது. வேலை செய்கிறவர்கள் எந்த இடத்தில் சட்டத்தை மீறுகிறார்களோ, அந்த இடத்தில்தான் சட்டம் போட்டவனுக்கு ஏதோ தெரியவில்லை என்று நினைப்பவள். அதனால் மீறலைத் தடுக்க மாட்டாள். முதலில் அதற்கு ஒரு கதவு வைத்து, யார் எதற்காக அந்த வழியே போகிறார்கள் என்று பார்ப்பாள்.

"நீங்க இன்னாதான் மேடம் வேல செய்றீங்க?" என்று தரணி இரண்டாம் நாள் கேட்டாள். "கம்ப்யூட்டர்ல கோடும் எழுத மாட்டேன்றீங்க, மாங்காவும் தூக்க மாட்டேன்றீங்க. சும்மா பாத்துக்கினே கீறீங்க. இதுக்கு சம்பளம் வேற தராங்களா?"

"தராங்க."

"அந்த கம்பெனில எனக்கும் ஒரு எடம் சொல்லுங்க. நான் இன்னும் நல்லா பாப்பேன்."

நகரிக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். புத்தூரில் பி.காம். படித்தவள். வேலை கான்டிராக்டில்தான், இந்தச் சீசன் முடிந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். வாய் நிற்காது, கையும் நிற்காது. ஒரு பக்கம் டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டே மறுபக்கம் டோக்கன் கிழிப்பாள். அந்த ஒரு வாரத்தில் வைஜயந்தி பார்த்தது இதுதான்: வரிசை மூன்று காரணத்துக்காக உடைகிறது. பழம் இளகிவிட்டால் நாளை வரை தாங்காது, அதை முன்னே விடுவார்கள். மற்ற விவசாயிகளே ஒதுங்கி வழிவிடுவார்கள். வண்டி பழுதாகி வழியை அடைத்தால் உள்ளே இழுத்துவிடுவார்கள். டிரைவருக்கு உடம்பு முடியாமல் போனாலும் அப்படித்தான். நாலாவது ஒன்றும் உண்டு. மேசைமேல் இருக்கும் இன்டர்காம் அடிக்கும். தரணி எடுத்து, "சரே சார், சரே சார்" என்பாள். ஒரு டிராக்டர் முன்னே வரும். அதற்கு மட்டும் யாரும் வழிவிட மாட்டார்கள், முறைத்துக்கொண்டே நிற்பார்கள்.

வைஜயந்திக்கு அது புதிதல்ல. திருப்பதியில் பிறந்தவள். அப்பா பாஷ்யம் கோயில் கைங்கர்யத்தில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக, எங்கோ இருக்கும் உறவுக்காரர்கள் எல்லாம் போன் செய்து, எப்படியாவது கொஞ்சம் சீக்கிரமாகத் தரிசனம் என்பார்கள். எனக்கு அந்தச் சக்தி இல்லை என்று அவர் பதில் சொல்லிச் சொல்லிக் குரலே அந்த வாக்கியத்துக்குப் பழகிவிட்டது. வரிசை இருக்கும் இடத்தில் அதைத் தாண்டச் சொல்லும் குரலும் இருக்கும் என்பது அவளுக்குக் குழந்தையிலிருந்தே தெரியும்.

ஆகவே 'முன்னே விடு' என்று ஒரு பட்டன் வைத்து, அதை அமுக்கினால் நாலு காரணம் வருகிற மாதிரி திரையைப் போட்டாள். பழம் இளகிவிட்டது. வண்டி பழுது. டிரைவருக்கு முடியவில்லை. ஆபீஸ் சொன்னது.

ஏப்ரலில் இதே அறையில்தான் அதைக் காட்டினாள். கேட்டில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று அவள் கேட்டதால் அன்று தரணியும் வந்திருந்தாள். நாலாவதைப் பார்த்து ரங்கையா சிரித்தார். "ஆபீஸ் சொன்னதுன்னு எழுதி வச்சா, ஆபீஸுக்கு வேற வேலையே இல்லைன்னு ஆயிடும். அதை எடுத்துடுங்கம்மா. மூணு போதும்." விஷ்ணுவர்தன் போனைப் பார்த்தபடி தலையாட்டினார். முரளிதரன் மேசைக்கடியில் அவள் காலை லேசாகத் தட்டினார். வைஜயந்தி எடுத்துவிட்டாள். முதல் சீசன் ஓடட்டும், அடுத்ததில் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் தரணி மட்டும் கேட்டாள்: "அப்ப ஆபீஸ்லேர்ந்து போன் வந்தா எத அமுக்கறது மேடம்?" வைஜயந்தி பதில் சொன்னாளா, சொல்லவில்லையா? இந்த ஒரு வாரமாக எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

மீட்டிங் முடிந்து கீழே இறங்கியபோது தரணி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கேட் மேசையில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முரளிதரன் காரை எடுக்கப் போயிருந்தார்.

"தரணி," என்றாள் வைஜயந்தி.

"செக் பண்ணிட்டீங்களா மேடம்?"

வைஜயந்தி கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். தரணியே தொடர்ந்தாள்.

"மூணு பட்டன் குடுத்தீங்க. நாலாவதா ஒண்ணு தெனம் வந்துக்கினே இருந்துச்சி. டைர் நல்லா ஓடிக்கினு கீற வண்டிய பழுதுன்னு அமுக்க முடியுமா, வெளிய நிக்கறவங்க பாத்துக்கினு கீறாங்க. டிரைவருக்கு ஒடம்பு சரியில்லன்னு போட்டா அவன் பீடி புடிச்சிக்கினு சிரிக்கறான். மாங்கா உள்ள இன்னா கீதுன்னு வெளிய தெரியாது. அதான் அத அமுக்கினேன். எதுவும் அமுக்காம வண்டிய விடணும்னா கேட்டு தொறக்காதே. நீங்கதான அப்டி செஞ்சி வச்சிருக்கீங்க?"

"ஆமா."

"நைனாகிட்ட இன்னும் சொல்லல. இந்த ஃபேக்டரி போனா போவுது. பேர அனுப்பறேன்றாங்க பாரு, அதான். இங்க மாங்காவ விட்டா எனக்கு வேற இன்னா தெரியும்."

வெளியே ஒரு டிராக்டர் ஸ்டார்ட் ஆகி, ஒரு வண்டி தூரம் நகர்ந்து, மறுபடி அணைந்தது. தரணி அது அணையும்வரை காத்திருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்தத் தாள்ல கீறதுல ஒண்ணு எங்க சித்தப்பா வண்டி. போன் ஒண்ணும் வர்ல. நானாதான் விட்டேன். அவரு காய் கெட்டிதான்."

வைஜயந்தி அவளையே பார்த்தாள். "எதுக்கு இதை என்கிட்ட சொல்றே?"

"நீங்க எழுதறப்ப என்னப் பத்தி சாமி மாதிரி எழுதிடக் கூடாதுன்னுதான். அப்பறம் அது தெரிஞ்சா மத்ததும் பொய்யின்னு ஆயிடும்." அவள் துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தாள். "அத நானே அவங்கள்ட்ட சொல்லிக்கறேன். நீங்க எழுதாதீங்க. நீங்க உங்க பட்டன பத்தி மட்டும் எழுதுங்க. எழுதுவீங்களா, மாட்டீங்களா?"

முரளிதரனின் கார் வந்து ஹாரன் அடித்தது. வைஜயந்தி பதில் சொல்வதற்குள் தரணி, "போங்க, சார் கூப்டறாரு," என்று சொல்லிவிட்டு எடைமேடைப் பக்கம் நடந்தாள்.

முரளிதரன் பாகாலா தாண்டிக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். சம்பளம் போடப் பணமில்லாதபோது தன் வண்டியை அடகு வைத்தவர். வைஜயந்தியின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய் என்றவர். டோக்கன் ஆப்பை இன்னும் மூன்று ஃபேக்டரிகள் கேட்டிருக்கின்றன. மூன்று முதலாளிகளும் விஷ்ணுவர்தனோடு கல்யாணங்களில் ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள்.

"தேவையான காரணங்கள் இருந்தன," என்றார் முரளிதரன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுல என்ன பொய் இருக்கு சொல்லு. கஸ்டமர் மூணு போதும்னான். மூணு இருந்துச்சு. அவனுக்குத் தேவையானது அவ்வளவுதான்."

"அவளுக்குத் தேவையானது இல்லையே சார்."

"அவ கஸ்டமர் இல்லம்மா."

"அவதான் சார் அதை அமுக்கறா."

அவர் ஒரு லாரியைத் தாண்டினார். தாண்டி முடித்த பிறகும் ஸ்டீயரிங்கை இறுக்கியே பிடித்திருந்தார். "வைஜயந்தி, நீ போய் ஸ்டூல் போட்டு உக்கார்றேன்னப்போ நான் ஏன்னு கேட்டேனா? ஒரு மாசம் கோடே எழுதலைன்னு பசங்க சொன்னப்போ நான் உன்னை விட்டுக் குடுத்தேனா? இப்போ நான் ஒண்ணு கேக்கறேன். பதினெட்டு பேர் இருக்கோம். ரெண்டு வரி."

அந்தப் பதினெட்டு பேரையும் அவளுக்குத் தெரியும். போன மாதம்தான் வீட்டுக்கடன் எடுத்த ரகுவைத் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாந்தோப்புகள் பின்னால் ஓடின. சில மரங்களில் காய் பறிக்காமலே கிடந்தது. பறிக்கிற கூலிக்குக் கட்டாது என்று விட்டிருப்பார்கள். நாலாவது பட்டன் இருந்திருந்தால் ரங்கையா போன் செய்வது நின்றிருக்குமா என்று யோசித்தாள். நின்றிருக்காது. எண்ணிக்கை மட்டும் தெரிந்திருக்கும். அந்த எண்ணிக்கை வந்துவிடக்கூடாது என்றுதான் எடுக்கச் சொன்னார்கள். இது ஏப்ரலிலேயே, முரளிதரன் மேசைக்கடியில் காலைத் தட்டியபோதே, அவளுக்குப் புரிந்துதான் இருந்தது.

ஆபீஸ் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஸ்வீட் கடையின் மாடியில். முரளிதரன் தானே இரண்டு வரியையும் டைப் செய்து, லெட்டர்ஹெட்டில் பிரிண்ட் எடுத்து, அவள் மேசையில் வைத்து, மேலே சீலையும் வைத்தார். "சித்தூர் பஸ் பார்சல்ல போட்டுடு. காலைல அவங்க ஆள் வந்து எடுத்துப்பான்," என்றார். வங்கிக்குப் போக வேண்டியிருந்தது அவருக்கு. கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். சீலைக் கண்ணால் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

வைஜயந்தி அந்தத் தாளை ஒருமுறை படித்தாள். பிழை ஒன்றும் இல்லை. அழகாகத் தட்டச்சு செய்திருந்தார். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அம்மா வேங்கடலக்ஷ்மி போன் செய்தாள். "ஆத்துக்கு எப்போ வருவே? அப்பா கோயில்லேர்ந்து வந்தாச்சு, உனக்காகச் சாப்பிடாம உக்காண்டிருக்கார்." வந்துண்டே இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்தாள்.

கடிதம் எழுதுவது அவளுக்குச் சிரமமில்லை. ஸ்கூலில் லீவ் லெட்டரைக்கூட ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதியவள். இந்தக் கடிதத்துக்கும் நம்பர் போட்டாள். முதலில், திரையில் ஆரம்பத்தில் நாலு காரணங்கள் இருந்தன. அடுத்து, ஏப்ரல் மாதக் கூட்டத்தில் தொழிற்சாலையின் கோரிக்கைப்படி நாலாவது நீக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்றும் எழுதினாள். ஞாபகம் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பிறகு விரல் நின்றுவிட்டது. 'நீக்கப்பட்டது' என்பதை அழித்தாள். 'நான் நீக்கினேன்' என்று எழுதினாள். அதற்குப் பின் வேகமாக ஓடியது. அலுவலகத்திலிருந்து தொலைபேசி உத்தரவு வரும்போது, அதற்குப் பொருந்தும் காரணம் திரையில் இல்லை. காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் கேட் திறக்காதபடி அமைத்ததும் நானே. ஆகவே 'பழம் இளகிவிட்டது' என்ற பதிவை மட்டும் வைத்து, ஆபரேட்டர் தம் விருப்பப்படி பொய் சொன்னார் என்று முடிவு செய்ய முடியாது.

எழுதி முடித்ததும் சித்தப்பாவின் டிராக்டர் வந்து மனசில் நின்றது. அதை விட்டுவிட்டால் கடிதம் முழுசாகுமா? ஒரு வரி டைப் செய்தாள், படித்தாள், அழித்தாள். அது தரணி தன் வாயால் சொல்ல வேண்டியது, சொல்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள். நாளை அந்த அறைக்குள் போய்ச் சொல்வாளா, பயத்தில் விட்டுவிடுவாளா? அதை வைஜயந்தி செக் பண்ண முடியாது.

கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, இடது ஓரத்தில், 'நகல்: செல்வி தரணி, கேட் ஆபரேட்டர்' என்று சேர்த்தாள். இதைப் பார்த்தால் முரளிதரன் முகம் எப்படி மாறும் என்று தெரியும். தொழிற்சாலைக்குள் கிழித்துப் போட முடியாதபடி செய்துவிடும் ஒரு வரி அது. திங்கட்கிழமை தனக்கு அந்த மாடியில் மேசை இருக்குமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, பிரிண்ட் கொடுத்தாள்.

நகலைப் போனில் படம் எடுத்துத் தரணிக்கு அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பார்சல் கவுண்டரில் கூட்டம். பூ மூட்டை, மோட்டார் பம்ப்பு, வலை போட்ட மாங்காய்ப் பெட்டிகள். வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர் போனில் யாரிடமோ, "பத்து நிமிஷம், லைன்ல கீறேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் முறை வந்தபோது கவுண்டரிலேயே சாய்ந்து, கவருக்குள் கடிதத்தை மறுபடி ஒருமுறை பாதி இழுத்துப் பார்த்தாள். கையெழுத்து இருந்தது. சீல் கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. உள்ளே தள்ளி, கிண்ணத்திலிருந்த பசையை விரலால் தொட்டு மடிப்பில் தடவினாள்.

"உள்ள இன்னா மேடம்?" கவுண்டர்க்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டார்.

"லெட்டர்."

"லெட்டருன்னு இதுல கெடயாது. மருந்து, ஸ்பேர் பார்ட்ஸு, பழம், மத்தது. எது போட?"

வைஜயந்தி பதில் சொல்வதற்குள் கைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தாள். முரளிதரன். மடிப்பு ஒட்டிக்கொள்ளும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். கவுண்டர்க்காரர் காத்திருந்தார், பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"இதுல எது வருமோ போடுங்க," என்றாள். "ஆனா கவர் மேல லெட்டர்னு எழுதிடுங்க."

அவர் சிவப்பு மையில் எழுதி உள்ளே நீட்டினார். லோடு ஏற்றுகிற ஆள் கவரை வாங்கி, மடங்கிவிடாமல் இருக்க, சித்தூர் பஸ்ஸுக்குள் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஒரு மாங்காய்ப் பெட்டியின் வலைக்குள் செருகினார். பஸ் பின்னால் வந்து திரும்பி, வரிசையில் நின்ற மற்ற பஸ்களைத் தாண்டி வெளியே போனது. போன் மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தது. அவள் விரலில் பசை காய்ந்து இழுத்தது.